‘ஏழைக்கு வேலை’ என்று எழுதியவர்களை எப்படிப் படிப்பது: இங்கிலாந்தின் பழைய வாணிபத் துண்டுப்பிரசுரங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்தால் உள்ளூர் ஏழைக்கு வேலை கிடைக்கும் என்ற பேச்சை இன்று செய்தியில் கேட்டால் நேற்று முளைத்த பேச்சு போலத் தோன்றும். இங்கிலாந்தில் 1620-களிலேயே இதை அச்சில் எழுதி ஆளுக்கு ஆள் சண்டை போட்டிருக்கிறார்கள். பொருளியல் என்று ஒரு துறை இல்லாத காலம் அது; அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டதாகச் சொல்லப்படும் ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வந்தது 1776-ல்தான். அதற்கு முந்தைய 150 ஆண்டுகளில் எழுதியவர்கள் வணிகர்கள், கம்பெனி இயக்குநர்கள், அரசு அலுவலர்கள், ஒரு குவேக்கர் (எளிமையைப் போற்றும் ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்), ஒரு பத்திரிகைக்காரர். அவர்களுடைய துண்டுப்பிரசுரங்களில் பல ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் ஒன்றை நேராக எடுத்துப் படித்தால் பிடிபடாது, அல்லது தப்பாகப் பிடிபடும். எல்லோரும் ஏழைக்காகவே பேசுவது போல இருக்கும். தடை வேண்டும் என்பவரும் ஏழையைக் காட்டுவார், தடை வேண்டாம் என்பவரும் ஏழையைக் காட்டுவார். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளோடு படித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்: யார் எழுதுகிறார், எந்த ஏழை, அந்த ஏழையின் கூலி கணக்கில் வரவா செலவா? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்தும் சொல்லும்

பழைய அச்சில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலத் தெரியும். அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும், பயப்பட வேண்டாம். பணத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ஆம் தேதி. அதனால் பிப்ரவரியில் எழுதிய ஒன்றுக்கு ஒரு புத்தகம் 1695 என்றும் இன்னொன்று 1696 என்றும் போடும். இரண்டும் சரிதான்.

சொற்கள்தான் உண்மையில் காலை வாரும். அவர்கள் ஏழை என்று எழுதும்போது பிச்சை எடுப்பவரை மட்டும் சொல்லவில்லை, கையால் உழைத்துப் பிழைக்கும் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நூற்பவள், நெசவாளி, கப்பலில் போகிறவன், வயல் கூலி எல்லாம் அதில் அடக்கம். கிரகரி கிங் என்பவர் 1688-ஆம் ஆண்டு நிலவரத்துக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். நாட்டில் ஏறத்தாழ 55 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை, சுமார் 28 லட்சம் பேரை, ‘நாட்டின் செல்வத்தைக் குறைப்பவர்கள்’ என்ற பத்தியில் போட்டிருக்கிறார். அந்தப் பத்தியில் இருப்பவர்கள் கூலித் தொழிலாளிகள், குடிசைவாசிகள், சாதாரண மாலுமிகள், சிப்பாய்கள். அதாவது உழைக்கிறவர்கள். அந்த அட்டவணையை முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பளி நூற்று, துணி நெய்து, கப்பல் ஓட்டி அந்த நாட்டின் ஏற்றுமதியைச் செய்தவர்களே கணக்கில் சுமையாக நிற்கிறார்கள்.

இன்னும் சில. ‘இந்தியா’ என்றால் பல இடங்களில் சீனம், பாரசீகம் எல்லாம் சேர்ந்த கிழக்கு. ‘காலிகோ’ என்றால் கள்ளிக்கோட்டைத் துணி மட்டும் இல்லை, பெயர் அங்கிருந்து வந்தாலும் எந்தப் பருத்தித் துணிக்கும் அதையே சொன்னார்கள், நம் சோழமண்டலக் கரையில் நெய்ததும் அதில் உண்டு. ‘பாரிஷ்’ என்றால் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்வது. 1601-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் வரி வசூலித்து, இயலாதவருக்கு உதவ வேண்டும், உடம்பில் வலு உள்ளவருக்கு ஆளி, சணல், கம்பளி, இரும்பு என்று மூலப்பொருள் வாங்கி வைத்து வேலை கொடுக்க வேண்டும். 1662-ல் வந்த குடியேற்றச் சட்டம், ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் புதிதாக வந்து குடியேறுபவரை, அவரால் பாரிஷுக்குச் செலவு வரலாம் என்று தோன்றினால், 40 நாளுக்குள் சொந்த பாரிஷுக்கே திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது. இந்த இரண்டு சட்டங்களும் மனதில் இல்லாமல் படித்தால் பாதி வாதம் புரியாது, ஏனென்றால் ஏழைக்கு வேலை என்று இவர்கள் எழுதும்போது பின்னால் ஓடும் பேச்சு பாரிஷ் வரி ஏறிக்கொண்டே போகிறது என்பதுதான்.

யார் எழுதுகிறார் என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள்

பெரும்பாலும் பெயர் இருக்காது. ‘ஒரு வணிகர்’ என்றோ வெறும் முதலெழுத்தோ இருக்கும். நல்ல நூலகப் பட்டியலில் யார் எழுதியது என்று தேடிவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

தாமஸ் மன் 1621-ல் கிழக்கிந்திய வாணிபத்தை ஆதரித்து எழுதினார். அவர் 1615 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். அப்போது கம்பெனி மீது இருந்த பெரிய குற்றச்சாட்டு, நாட்டின் வெள்ளியை அள்ளிக்கொண்டு போய்க் கிழக்கில் கொட்டுகிறது என்பது. 1600-ஆம் ஆண்டுப் பட்டயமே ஒரு பயணத்துக்கு 30,000 பவுண்டு வரை வெள்ளி கொண்டுபோக அனுமதித்திருந்தது. மன் சொன்ன பதிலை எந்த விவசாயியும் புரிந்துகொள்வார்: விதைக்கும் காலத்தில் நல்ல தானியத்தை மண்ணில் வீசுகிறவனை மட்டும் பார்த்தால் பைத்தியம் என்போம், அறுவடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளி வெளியே போகட்டும், அதில் வாங்கி வரும் மிளகையும் துணியையும் ஐரோப்பாவில் விற்றால் அதைவிட அதிகம் திரும்பும். நாடு தான் வாங்குவதைவிட ஆண்டுதோறும் அதிகமாக விற்க வேண்டும் என்ற அவருடைய விதியும் இந்த விதை உவமையும், அவர் 1641-ல் இறந்த பிறகு மகன் 1664-ல் வெளியிட்ட புத்தகத்தில் வருகின்றன. அருமையான வாதம், ஆனால் வாதாடுபவர் கம்பெனிக்காரர். நோட்டில் அதை முதல் வரியாகவே எழுதிவிடுங்கள். வாதம் தப்பு என்று ஆகிவிடாது, எந்தப் பக்கத்துக் கணக்கு விடுபட்டிருக்கும் என்று மட்டும் தெரியும்.

ஜொசையா சைல்டும் கம்பெனிக்காரர்தான், 1681-ல் அதன் ஆளுநரே ஆனார். ஆனால் அவரிடம் ஆச்சரியமான இரண்டு விஷயங்கள் உண்டு. ஏழைகளைக் காக்கும் பொறுப்பைப் பாரிஷ் பாரிஷாகப் பிரித்ததுதான் நோய், ஒவ்வொரு பாரிஷும் ஏழையைப் பக்கத்து பாரிஷுக்குத் தள்ளிவிடுவதிலேயே குறியாக இருக்கிறது என்று நேராகவே சொன்னார். இரண்டாவது, கூலி எங்கெல்லாம் பொதுவாக உயர்ந்திருக்கிறதோ அந்த நாடு செல்வமுள்ள நாடு என்று எழுதினார். கூலியை வரவுப் பக்கத்தில் எழுதிய அபூர்வமான ஆள். இந்த ஒரு வரிக்காகவே அவரைப் படிக்கலாம்.

‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோவை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 1719-ல் காலிகோவுக்கு எதிராக அவர் நடத்திய பத்திரிகை லண்டன் நெசவாளிகளின் பக்கம் நின்று, அவர்கள் ஆதரவில் வந்தது. அதே டீஃபோ 1704-ல் எழுதியதை அடுத்துச் சொல்கிறேன். அது இந்த இலக்கியம் முழுவதிலும் கூர்மையான துண்டு.

ஒரு சிட்டம் நூலை வைத்துச் செய்யும் பயிற்சி

1704-ல் ஹம்ஃப்ரி மேக்வொர்த் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஒவ்வொரு பாரிஷிலும் பட்டறை வைத்து, ஏழைகளை நூற்கவும் நெய்யவும் வைக்கலாம் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழவையில் நிறைவேறியும்விட்டது, மேலவையில் நின்றுபோனது. டீஃபோ எதிர்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: லண்டனில் பாரிஷ் பிள்ளைகள் நூற்கும் ஒவ்வொரு சிட்டம் நூலுக்கும், இதுவரை அதை நூற்றுப் பிழைத்த எங்கோ ஒரு ஏழைக் குடும்பத்தில் ஒரு சிட்டம் குறையுமே? துணி வாங்குகிறவர் எண்ணிக்கை கூடவில்லை. லண்டனில் பேய்ஸ் என்ற கம்பளித் துணியை நெய்தால், அதை நெய்து பிழைக்கும் கோல்செஸ்டர் ஊரில் ஒரு தறி நிற்கும்.

இதை நோட்டில் பயிற்சியாகவே செய்து பாருங்கள். எந்தத் துண்டுப்பிரசுரத்தில் ‘இத்தனை பேருக்கு வேலை’ என்று வந்தாலும் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் வேலை பெறுகிறவரையும் வலப்பக்கம் வேலை இழக்கிறவரையும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் அங்கே யாருமே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுதியவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். டீஃபோவின் வாதத்துக்கும் ஒரு எல்லை உண்டு. தேவை கூடவே கூடாது என்று வைத்துக்கொண்டுதான் அது நிற்கிறது. கூலி வாங்கும் புதிய நூற்பவள் தானும் ஒரு துணி வாங்கினால்? அந்தக் கேள்வியையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

இந்தச் சிக்கலுக்கு வில்லியம் பெட்டி 1662-லேயே வேறு வழி காட்டியிருந்தார். வேலை இல்லாதவர்களைச் சாலை போட, பாலம் கட்ட, ஆறுகளைப் படகு ஓடும்படி செய்ய, மரம் நட வைக்கலாம், அரசு கூலி கொடுக்கட்டும். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் சாலிஸ்பரி சமவெளியில் உதவாத ஒரு பிரமிடு கட்டினாலும் சரி, உழைக்கும் பழக்கம் போகாமல் இருக்கும் என்றார். வெளிநாட்டுப் பொருள் அதிகம் செலவாகாத வேலையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. யாருடைய சிட்டத்தையும் பிடுங்காத வேலை, கவனித்தீர்களா? ஆனால் இதே பெட்டி இன்னொரு நூலில், தானியம் மலிந்த ஆண்டில் கூலியாள் கிடைப்பது கஷ்டம், வயிற்றுக்குக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறார்கள் என்று குறைப்படுகிறார். அங்கே கூலி செலவுப் பத்தியில் இருக்கிறது. ஒரே ஆளுக்குள் இரண்டு கணக்கு.

பிரிஸ்டல்: வாதம் கட்டடமாக நின்ற இடம்

ஜான் கேரி பிரிஸ்டல் வணிகர். 1695-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே வாணிபம், ஏழைகள், வரி மூன்றும் சேர்ந்து வரும். தடையும் வேலையும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று அவர் நினைத்ததால், நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நூல் கிடைக்காது. கிழக்கிலிருந்து வரும் காலிகோவும் பட்டும் ஆங்கில நெசவாளியின் வாயில் மண் போடுகின்றன, தடுங்கள். அயர்லாந்தின் கம்பளித் துணி நம் துணியோடு போட்டி போடுகிறது, அதையும் தடுங்கள். ஊருக்குள் பாரிஷ்களை ஒன்றாக்கி, சோம்பி இருப்பவர்களுக்கு வேலை கொடுங்கள். 1696-ல் நாடாளுமன்றச் சட்டத்தோடு பிரிஸ்டலில் ஏழைகள் கழகம் உருவானது, எக்ஸிடர், ஹல் போன்ற ஊர்கள் சில ஆண்டுகளிலேயே பின்தொடர்ந்தன.

கேரி 1700-ல் வெளியிட்ட நடவடிக்கை அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். நூறு பெண் பிள்ளைகளைச் சேர்த்து, குளிப்பாட்டி, உடுத்தி, உணவு கொடுத்து, கம்பளி நூற்க வைத்தார்கள். அவர்கள் நூற்ற நூல் முரடாக இருந்ததால் குறைந்த விலைக்கே போனது, பிறகு மெல்லிய நூலுக்குப் பழக்கினார்கள். கேரிக்கு உண்மையான அக்கறை இருந்தது என்று அந்த அறிக்கையைப் படித்தால் ஒத்துக்கொள்ளத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்புறம் இரண்டாவது கேள்விக்கு வாருங்கள்: எந்த ஏழை? 1695 நூலைத் திரும்பத் திறந்தால் ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தை நாட்டுக்கு மிக இலாபமானது என்று புகழ்ந்திருக்கிறார். அயர்லாந்துத் துணிக்கு 1699-ல் சட்டமே வந்தது. இங்கிலாந்தைத் தவிர வேறு எங்கும் கம்பளித் துணியை ஏற்றுமதி செய்ய அயர்லாந்துக்கு வழியில்லை, இங்கிலாந்திலோ தீர்வை கடுமை. அயர்லாந்து நெசவாளியும் ஏழைதானே. பிரிஸ்டலின் நூறு பிள்ளைகளைத் தெரிந்த அளவுக்கு, கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களையோ டப்ளின் தறிக்காரரையோ அவர் எழுத்தில் பார்க்க முடியாது.

தத்துவஞானி ஜான் லாக் பெயரைக் கேட்டதும் மரியாதையோடு படிக்கத் தொடங்குவோம். அரசின் வாணிபக் கழகத்தின் உறுப்பினராக அவர் 1697-ல் எழுதிய ஏழைகள் அறிக்கையை அந்த மரியாதையை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். மூன்று வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு வேலைப் பள்ளி; உணவு ரொட்டி, குளிர் காலத்தில் வேண்டுமானால் கொஞ்சம் சுடு கஞ்சி. போலி அனுமதிச் சீட்டோடு பிச்சை எடுப்பவரின் காதை அறுக்கலாம். அது சட்டமாகவில்லை. ஆனால் அதே 1697-ல் வந்த வேறொரு சட்டம், பாரிஷ் உதவி பெறுகிறவர் வலது தோளில் ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது.

இவர்களுக்கு நடுவே ஜான் பெல்லர்ஸ் என்ற குவேக்கரைத் தவறவிடாதீர்கள். 1695-ல், சுமார் 300 பேர் சேர்ந்து வாழ்ந்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உற்பத்தி செய்யும் தொழில் குடியிருப்பைத் திட்டமிட்டார். ஏழையின் உழைப்புதான் பணக்காரரின் சுரங்கம் என்று எழுதியவர். போட்ட முதலுக்கு இலாபமும் உண்டு என்று பணக்காரரிடம் வாதாடியிருக்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அவர் கணக்கில் இருக்கின்றன. கூட்டுறவு வாழ்க்கையை வலியுறுத்திய ராபர்ட் ஓவன் 1817-ல் இதை மறுபடி அச்சிட்டார்.

தடைச் சட்டத்தைப் படிக்கும்போது

சட்டத்தின் முன்னுரையை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். விலக்கு எதற்கு, அபராதம் யாருக்கு, பிறகு என்ன ஆனது என்ற மூன்றையும் தேடுங்கள். கம்பளித் தொழிலுக்காக, இறந்தவரைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று 1666-லும் 1678-லும் சட்டம் போட்டார்கள். மீறினால் 5 பவுண்டு அபராதம், பாதி பாரிஷ் ஏழைகளுக்கு, பாதி காட்டிக்கொடுத்தவருக்கு. வசதியான வீட்டார் அபராதத்தைக் கட்டிவிட்டு லினனில் (ஆளி நார்த் துணியில்) புதைக்க முடிந்தது.

காலிகோ கதை பெரியது. 1697-ல் லண்டன் நெசவாளிகள் நாடாளுமன்றத்துக்குத் திரண்டு போனார்கள், கம்பெனி மாளிகையையும் தாக்கினார்கள். 1700-ல் சட்டம்: கிழக்கிலிருந்து வரும் அச்சடித்த, வண்ணம் தீட்டிய பருத்தித் துணியையும் பட்டையும் 1701 செப்டம்பருக்குப் பிறகு நாட்டுக்குள் உடுத்தக் கூடாது. விலக்கைப் பாருங்கள். வேறு நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யலாம், கம்பெனியின் அந்த வியாபாரம் பிழைத்தது. வெள்ளைக் காலிகோ தீர்வை கட்டி உள்ளே வரலாம், விளைவு லண்டனைச் சுற்றி அச்சடிக்கும் பட்டறைகள் பெருகின. சீட்டித்துணி நிற்கவில்லை, அச்சுப் பதிக்கும் இடம்தான் மாறியது. 1719-ல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளிகள் மறுபடி தெருவுக்கு வந்து, காலிகோ உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் ஊற்றினார்கள். 1721-ல் இன்னும் கடுமையான சட்டம், உடுத்தினாலே 5 பவுண்டு அபராதம், விற்றால் 20. அதிலும் லினன் பாவும் பருத்தி ஊடையுமான ஃபஸ்டியன் துணிக்கு விலக்கு இருந்தது, 1736-ல் அதை இன்னும் தெளிவாக்கினார்கள். வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி அந்த வழியில்தான் வளர்ந்தது. உள்நாட்டில் செய்த முழுப் பருத்தித் துணிக்கு 1774-ல் தடை நீங்கியபோது, கம்பளி நெசவாளிக்காக என்று போட்ட வேலிக்குள் வளர்ந்து நின்றது பருத்தித் தொழில்.

எதிர்ப்பக்கத்துக்கு 1701-ல் பெயரில்லாமல் வந்த கிழக்கிந்திய வாணிப ஆய்வை எடுங்கள். ஹென்றி மார்ட்டின் எழுதியது என்று பொதுவாகச் சொல்வார்கள். கையால் பலர் அறுக்கும் பலகையை ஒரு மர அறுப்பு ஆலை ஓரிரு ஆட்களோடு அறுத்துவிடுகிறது. முன்னதற்கே ஆள் வைத்தால் உழைப்பு வீணாகிறது. இந்தியாவிலிருந்து மலிவாக வாங்குவதும் அப்படி ஒரு இயந்திரம் போலத்தான் என்கிறது அந்த நூல். ஸ்மித்துக்கு 75 ஆண்டு முன்னால் இவ்வளவு தெளிவு. ஆனால் வேலை இழந்த நெசவாளி அடுத்த வேலையைக் கண்டுபிடிக்கும் வரை என்ன சாப்பிடுவார் என்பதற்கு, குடியேற்றச் சட்டம் அவரை அடுத்த ஊரில் தங்கவிடாத நாட்டில், எனக்கு அதில் பதில் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் என் மனம் டீஃபோவின் சிட்டத்துக்கே திரும்பிப் போகிறது.

எந்த வரிசையில் படிப்பது

காலவரிசை வேண்டாம். முதலில் டீஃபோ 1704, சின்னது, சூடானது. அடுத்து கேரியின் 1700 அறிக்கை, பிறகு 1701 ஆய்வு, பிறகு சைல்டின் ஏழைகள் அத்தியாயம். தாமஸ் மன்னைக் கடைசியில் படித்தால்தான் அவர் என்ன சொல்லாமல் விட்டார் என்று கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத்துக்கு மேல் குறிப்பு எழுதாதீர்கள், மூன்று கேள்விக்கும் பதில் மட்டும் போதும்.

அப்புறம், இந்த நூல்களில் நம் கரையின் நெசவாளியைத் தேடினால், மலிவான கூலிக்காரன் என்ற ஒற்றை வரியைத் தவிர அதிகம் கிடைக்காது. 1639-ல் சென்னையில் கம்பெனி இடம் பிடித்ததற்கே பெரிய காரணம் இந்தத் துணிதான். நம் நெசவாளியைத் தேட வேண்டிய இடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவும்; 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை அரசு அச்சகம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். 1700, 1701 தொகுதிகளைக் கேட்டு வாங்குங்கள். நோட்டில் ஒரு கோடு போட்டு, லண்டனில் நிரப்பாமல் விட்ட வலப்பக்கத்தை அங்கிருந்து நிரப்பத் தொடங்குங்கள்.